நார்மலா, பவரா? – ஆக்டேன் எண் சொல்வதும் சொல்லாததும்

தேனியிலிருந்து கம்பம் வரை எந்தப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் காதில் விழும் கேள்வி, "நார்மலா, பவரா சார்?" என்பதுதான். பைக்கில் வருபவர் "நார்மல்" என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். புதிதாகக் கார் வாங்கியவர் ஒரு நொடி தயங்குவார். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டிக்கு லிட்டருக்குச் சில ரூபாய் பார்ப்பதா என்ற எண்ணம் அந்தத் தயக்கத்தில் இருக்கும்.

பவர் என்பது இந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனத்தின் வணிகப் பெயர். பாரத் பெட்ரோலியத்தில் அதற்கு ஸ்பீடு என்று பெயர், இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95. நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல, நம் பக்கத்தில் விலை கூடிய பெட்ரோல் எல்லாமே பவர் ஆகிவிட்டது. அந்தப் பெயரிலேயே ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது. அதை ஊற்றினால் வண்டிக்குச் சக்தி கூடும் என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் எரிபொருள் பற்றிப் படிக்கும்போது ஆக்டேன் எண் வருகிறது. பெரும்பாலும் ஒரு மதிப்பெண் வினாவாக அதைக் கடந்துவிடுகிறோம். மாணவர் வீட்டில் நாள்தோறும் பணம் செலவாகும் இடம் அது என்பதை எனக்கு உணர்த்தியது ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரின் கேள்வி. அவருடைய அப்பா போடியிலிருந்து மூணாறுக்கு வாடகைக் கார் ஓட்டுபவர். கடன் வாங்கி, டர்போ இன்ஜின் பொருத்திய கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார்.

"சார், எங்கப்பா வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் 95ன்னு போட்டிருக்கு. பங்குல நார்மலே போதும்ங்கிறாங்க. மெக்கானிக் அண்ணன், பவர் போடலைன்னா இன்ஜின் போயிரும்ங்கிறாரு. யாரு சொல்றது சரி?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளைக்கு 15 லிட்டர், லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 120 ரூபாய். மாதத்தில் 25 நாள் ஓட்டம் என்றால் 3,000 ரூபாய். "எங்கக்கா ஹாஸ்டல் மெஸ் பில்லு சார்" என்றார் அந்த மாணவர். அதன்பிறகு வகுப்பில் யாருக்கும் இது ஒரு மதிப்பெண் வினாவாகத் தெரியவில்லை.

முதலில் இன்ஜினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது ஸ்பார்க் பிளக் ஒரு பொறி தருகிறது. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ ஒரு சுவர்போல் பரவி, கலவை முழுவதையும் ஒழுங்காக எரிக்க வேண்டும். தீபாவளிச் சரவெடியின் ஒரு முனையில் தீ வைத்தால் அது வரிசையாக வெடித்துக்கொண்டு போகுமே, அதுபோல. சரத்தின் மறுமுனையில் இருக்கும் வெடிகள், தீ வந்து சேரும் முன்பே தாமாக ஒரே நேரத்தில் வெடித்தால் எப்படி இருக்கும்? இன்ஜினில் அது நடப்பதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்றும் 'இன்ஜின் தட்டுது' என்றும் சொல்கிறார்கள். டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஒலி கேட்கும்.

கலவை ஏன் தானாக வெடிக்கிறது? அழுத்தினால் வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியை, பத்துப் பதினைந்து முறை வேகமாக அடித்தபிறகு தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உராய்வும் அதில் கொஞ்சம் சேரும் என்றாலும், பெரும்பகுதி அழுத்தத்தால் வந்த சூடு. மேல்நிலை வகுப்பு இயற்பியல் ஆசிரியர்கள் வெப்பமாற்றீடற்ற நிகழ்வுக்கான சமன்பாட்டைக் கொண்டு இதைக் கணக்கிடச் சொல்லலாம். 310 கெல்வின் வெப்பநிலையில் உள்ள காற்றைப் பத்தில் ஒரு பங்கு கனஅளவுக்கு அழுத்தினால், கொள்கையளவில் அது ஏறத்தாழ 780 கெல்வினைத் தொடும். அதாவது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல். உண்மையான இன்ஜினில் சுவர்கள் வழியே வெப்பம் வெளியேறுவதால் இவ்வளவு வராது. ஆனாலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள அதில் பாதியே போதும். அதற்குக் கொஞ்சம் நேரம் மட்டும் கிடைக்க வேண்டும்.

நேரம் என்ற இந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மலைச்சாலைகளுக்கு வரும்போது அது மீண்டும் தேவைப்படும்.

ஊஞ்சலைத் தள்ளுவதற்கு ஒரு கணம் உண்டு. அது நம்மிடம் வந்து, நின்று, திரும்பும் கணத்தில் தள்ளினால் மேலே போகும். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கை வலிக்கும், ஊஞ்சலும் நின்றுவிடும். நாக்கிங்கில் பிஸ்டனுக்கு விழும் அடி, தவறான கணத்தில் தவறான வேகத்தில் விழும் அடி. எப்போதாவது ஒருமுறை என்றால் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நாள்கணக்கில் தொடர்ந்தால் பிஸ்டனின் தலையில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். முற்றினால் ஓட்டையே விழும்.

அப்படியானால் அழுத்தத்தைக் குறைத்துவிடலாமே என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் காலத்து அம்பாசிடர், பியட் கார்களில் அப்படித்தான் இருந்தது. கலவையை ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அழுத்தினார்கள். இன்றைய கார்களில் அது 10, 11 என்று உயர்ந்திருக்கிறது. சிலவற்றில் 12-ஐயும் தாண்டுகிறது. காரணம் செயல்திறன். ஆட்டோ சுழற்சியின் கொள்கையளவு செயல்திறன், அழுத்த விகிதம் 8 என்றால் ஏறத்தாழ 56 விழுக்காடு, 10 என்றால் 60, 12 என்றால் 63. நடைமுறையில் கிடைப்பது இதைவிட மிகக் குறைவு. ஆனால் ஏறுமுகம் மாறாது. அதிகம் அழுத்தினால் அதே பெட்ரோலில் அதிக வேலை வாங்கலாம். அந்த அழுத்தத்தைத் தாங்கி, பொறி விழும்வரை பொறுத்திருக்கும் பெட்ரோலும் வேண்டும். எவ்வளவு பொறுக்கும் என்று சொல்லும் எண்தான் ஆக்டேன் எண்.

இந்த எண் பிறந்த கதை சுவையானது. 1920-களில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் இரண்டு தூய சேர்மங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று, எளிதில் நாக்கிங் தரும் நார்மல் ஹெப்டேன், அதற்குப் பூச்சியம். மற்றொன்று, நன்றாகப் பொறுக்கும் ஐசோ ஆக்டேன், அதாவது 2,2,4-டிரைமெத்தில்பென்டேன், அதற்கு 100. ஒரு பெட்ரோலைச் சோதனை இன்ஜினில் ஓட்டும்போது, 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படித் தட்டுகிறதோ அப்படியே இதுவும் தட்டினால், இதன் எண் 91. தூய ஹெப்டேன் அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து கிடைத்தது. ஒரு மரத்தின் பிசின் உலகத்து இன்ஜின்களுக்கெல்லாம் பூச்சியமாக நின்றது என்று சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

ஆகவே 91 என்பது பெட்ரோலில் 91 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று பொருள்படாது. பங்கில் கிடைக்கும் பெட்ரோல் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. இந்த எண் ஒரு நடத்தைச் சான்றிதழ். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் அதில் கிடையாது. இதை வகுப்பில் நிறுவ இரண்டு சான்றுகள் போதும். கிளைகள் இல்லாத நேர்ச்சங்கிலி ஆக்டேனின் ஆக்டேன் எண் பூச்சியத்துக்கும் கீழே! எத்தனாலின் எண்ணோ 108-ஐ ஒட்டி வருகிறது. விழுக்காடு என்றால் 100-ஐத் தாண்ட முடியுமா? மாற்றியம் என்ற கருத்தைக் கற்பிக்கும் வேதியியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரே மூலக்கூறு வாய்பாடு, கிளை பிரிந்ததும் நடத்தை தலைகீழாகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆக்டேன் எண்ணுக்கும் எரிபொருளில் அடங்கியுள்ள ஆற்றலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் மிக உயர்வு. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 'பவர்' என்ற பெயர் நம்மை வழுக்கி விழச் செய்யும் இடம் இதுதான். அதிக எண் என்றால் அதிகப் பொறுமை. அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இன்ஜின் அமைந்திருந்தால்தான் அது சக்தியாக மாறும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்புபவர்களும் நம்மில் உண்டு. "அமெரிக்காவில் 87 போட்டாலே கார் ஓடுகிறது, 91 அங்கே உயர்ந்த ரகம்" என்பார்கள். அங்கே பங்கில் எழுதுவது வேறு எண். ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் மென்மையாக ஓட்டி அளப்பது, ஆர்.ஓ.என். என்பது அதுதான், இந்தியாவில் பெட்ரோலுக்குச் சொல்லும் எண்ணும் அதுவே. மற்றொன்று, 900 சுற்றில் சூடான கலவையைக் கொடுத்துக் கடுமையாகச் சோதிப்பது, இது எம்.ஓ.என். நம் நாட்டுச் சாதாரணப் பெட்ரோலுக்கு முந்தைய தரவிதிப்படி முதலாவது குறைந்தது 91, இரண்டாவது 81. அமெரிக்கப் பங்கில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். நம் 91-உம் 81-உம் அங்கே 86 ஆகிவிடும். எனவே நம் ஊர் 91, அவர்கள் ஊர் 87-க்கு ஏறத்தாழ அண்ணன் தம்பி. யூடியூபில் அமெரிக்கக் காணொளி பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

ஆக்டேனை உயர்த்தும் முயற்சிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு, டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் நின்றுவிடுவதைக் கண்டறிந்தது. மலிவான தீர்வு. 1924-இல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் மனம் பிறழ்ந்து இறந்தார்கள். அதன் பிறகும் உலகம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த ஈயத்தை எரித்துப் புகையாக விட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். கற்றலையும் கவனத்தையும் குறைக்கும். இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் அனைவரும் அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்தவர்கள்தாம். இன்ஜினின் தட்டல் ஒலியை நிறுத்தக் குழந்தைகளின் மூளையை விலையாகக் கொடுத்த கதை இது. அறிவியல் பாடத்தில் மட்டுமன்றிச் சமூக அறிவியலிலும் பேச வேண்டியது.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, ஏறத்தாழ 4,500 அடி உயரம். இந்தப் பக்கம் லோயர்கேம்பிலிருந்து குமுளி ஏறினால் ஏறத்தாழ 900 மீட்டர். சமவெளியில் ஓட்டும்போது கேட்காத தட்டல் ஒலி இந்த ஏற்றங்களில் கேட்பதாக ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதற்குக் காரணம் மலை என்று நினைப்பது இயல்பு. உண்மை கொஞ்சம் சுற்றிவளைத்தது.

உயரே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். போடியில் இருப்பதைவிடப் போடிமெட்டில் காற்று பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே மெலிந்திருக்கிறது. சாதாரண இன்ஜின், அதாவது டர்போ இல்லாதது, அந்த மெலிந்த காற்றைத்தான் உறிஞ்ச முடியும். உள்ளே அழுத்தம் குறையும், எனவே தட்டலும் குறையும். அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் சமவெளியைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை விற்கும் வழக்கம் வந்ததே இதனால்தான். ஆக, பழைய ரகக் காருக்கு மெட்டில் ஏறும்போது உயர்ந்த ஆக்டேன் அதிகம் தேவைப்படாது. கொஞ்சம் குறைவாகவே தேவைப்படும்.

பிறகு தட்டல் எங்கிருந்து வருகிறது? கியரிலிருந்து. வளைவில் திரும்பியதும் கியரைக் குறைக்காமல், மூன்றாவதிலேயே வைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் ஒருமுறை மேலேறவோ கீழிறங்கவோ எடுக்கும் நேரம் 7.5 மில்லி விநாடி. 1,500 சுற்றில் 20 மில்லி விநாடி. இதைக் கணித வகுப்பிலேயே செய்யச் சொல்லலாம். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் முழுப் பாரத்தோடு அழுத்தப்பட்ட சூடான கலவைக்கு, தானாகப் பற்றிக்கொள்ள இரண்டரை மடங்குக்கும் மேல் நேரம் கிடைக்கிறது. முன்பு குறித்துக்கொள்ளச் சொன்ன நேரம் இதுதான். இரண்டாவது கியருக்கு மாறினால் பெரும்பாலான தட்டல் ஓய்ந்துவிடும். அதற்கு லிட்டருக்கு எட்டு ரூபாய் தேவையில்லை.

ஆனால் அந்த மாணவரின் அப்பா ஓட்டுவது டர்போ. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி. வெளியில் காற்று மெலிந்தாலும் அது இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். மலை தரும் சலுகை அதற்குக் கிடைக்காது. நான்கு பயணிகள், மேலே சுமை, ஏப்ரல் மாத வெயில், முந்தலிலிருந்து இடைவிடாத ஏற்றம் என்றால், உயர்ந்த ஆக்டேன் வேலைக்கு வரும் சூழல் நம் மாவட்டத்தில் இதைவிட வேறு இல்லை. "பவர் போடலைன்னா இன்ஜின் போயிரும்" என்ற மெக்கானிக்கின் பேச்சில் உள்ள உண்மையின் அளவு இவ்வளவு.

மீதி மிகைதான். இன்றைய இன்ஜின்களில் தட்டலைக் கேட்கும் ஒரு காது இருக்கிறது. இன்ஜின் உடம்பில் பொருத்திய அழுத்தமின் படிகம் அது. அதிர்வு பட்டால் மின்னழுத்தம் உண்டாக்கும். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அமுக்கினால் பொறி வருவதும் இதே விளைவால்தான். தட்டலின் தொடக்கம் கேட்டதும் கணினி பொறியைச் சற்றுத் தாமதமாகத் தரும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும், சூடு கூடும். உயர்ந்த ஆக்டேன் ஊற்றும்போது அந்தத் தாமதம் தேவைப்படாது. பவர் தருவதாகச் சொல்வது, உண்மையில் இழந்ததைத் திரும்பப் பெறுவது. சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த வண்டியில் இழப்பே இல்லை என்பதால் திரும்பப் பெறவும் ஏதுமில்லை.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. இதைச் சோதித்திருக்கிறது. சாதாரணப் பெட்ரோல் போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன கார்களில் உயர்ரகம் ஊற்றியதால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் இல்லை என்று 2016-இல் அறிவித்தது. உயர்ரகம் 'பரிந்துரைக்கப்படும்' கார்களில் சராசரியாக மைலேஜ் 2.7 விழுக்காடும் இன்ஜின் திறன் 1.4 விழுக்காடும் கூடின என்று அடுத்த ஆண்டு சொன்னது. நம் கணக்கில் சாதாரணம் 102 ரூபாய், உயர்ரகம் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு சரிக்குச் சரியாக மைலேஜ் ஏறத்தாழ 8 விழுக்காடு கூட வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூடியில் உள்ள எழுத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 95 'பரிந்துரை' என்பது வேறு, 95 'குறைந்தபட்சம்' என்பது வேறு. முதலாவது என்றால் குறைந்த எண்ணிலும் வண்டி பாதுகாப்பாக ஓடும். இரண்டாவது என்றால் பேரத்துக்கு இடமில்லை. அதற்குக் கீழே ஊற்றக்கூடாது. அந்த மாணவர் வண்டியின் கையேட்டைக் கொண்டுவந்தார். 95 பரிந்துரை, 91 குறைந்தபட்சம் என்று அதில் இருந்தது. மூடியில் இருந்த ஸ்டிக்கர் பாதி அழிந்து, 95 மட்டும் மிஞ்சியிருக்கிறது. குடும்பத்தின் மாதச் செலவு 3,000 ரூபாயைத் தீர்மானித்தது ஓர் அழிந்த ஸ்டிக்கர்!

இதற்கிடையில் சாதாரணப் பெட்ரோலே மாறிவிட்டது. இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. எத்தனாலின் ஆக்டேன் உயர்வு என்பதை மேலே பார்த்தோம். அதைக் கலந்ததால், முன்பு 88 ஆகவும் பின்னர் 91 ஆகவும் இருந்த சாதாரணப் பெட்ரோலின் ஆர்.ஓ.என். இப்போது 95-க்கு உயர்ந்துவிட்டது என்று மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் கூறியிருக்கிறது. அப்படிப் பார்த்தால், பெயரில் 95 உள்ள உயர்ரகத்துக்கும் சாதாரணத்துக்கும் ஆக்டேன் எண்ணில் இருந்த இடைவெளி பெரிதும் மூடிவிட்டது. மிஞ்சுவது, இன்ஜினுக்குள் கரி படியாமல் இருக்கச் சேர்க்கும் துப்புரவு வேதிப்பொருள்கள். அவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால் மூணாறு ஏற்றத்தில் அன்றைக்கே தெரியும் பயன் அன்று. 2020 டிசம்பரில் சில நகரங்களில் அறிமுகமான எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் ரகங்கள் வேறு கணக்கு. விலை மிக அதிகம். பந்தயத் தரத்து இன்ஜின் வைத்திருப்பவருக்கானவை.

எத்தனால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும். ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் குறையும். இ10-க்கு ஏற்ப வடிவமைத்து இ20-க்கு ஏற்றபடி சீரமைத்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும், எத்தனாலை எண்ணாமல் வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களை அது பாதிக்குமா என்ற கவலையும் இருக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டி என்றால் கையேட்டைப் பார்த்துவிட்டு, சர்வீஸின்போது குழாய்களையும் பார்க்கச் சொல்வது நல்லது. விலை கூடிய பெட்ரோல் என்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்றும் ஆகிவிடாது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கோடை விடுமுறை முழுவதும் பாதி டேங்குடன் ஸ்கூட்டரை வெளியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகும் நம் ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

வகுப்பில் இதைச் செயல்பாடாகச் செய்ய விரும்புபவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. பெட்ரோலை எக்காரணம் கொண்டும் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம், ஒரு மூடி அளவுகூட. தேவையானவை சைக்கிள் பம்ப், பழைய பங்க் ரசீதுகள், ஒரு நோட்டு மட்டுமே.

அந்த மாணவர் அப்பாவோடு சேர்ந்து ஆறு வாரம் அளந்தார். முறை எளிது. ஒரே பங்க்கில், ஒரே குழாயில், தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் சொட்டு விடக்கூடாது. கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் ஏறியதோ அதுதான் செலவு. பெட்ரோல் ரகம் மாற்றியபின் முதல் டேங்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழையது கலந்திருக்கும், கணினியும் புதியதற்குப் பழக வேண்டும். மூணாறு போய்த் திரும்பும் முழுப் பயணத்தைத்தான் எண்ண வேண்டும்; ஏற்றத்தை மட்டும் அளந்தால் ஒரு விடை, இறக்கத்தை மட்டும் அளந்தால் வேறு விடை. பயணிகள் எண்ணிக்கையையும் ஏ.சி. ஓடியதா என்பதையும் ஓரத்தில் எழுதினார்.

கிடைத்த எண்களைக் கரும்பலகையில் புள்ளிகளாக வைத்தோம். ஒரே ரகப் பெட்ரோலில் ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இருந்த வேறுபாடு, இரண்டு ரகங்களின் சராசரிகளுக்கு இடையே இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. பூப்பாறை அருகே லாரி மறித்து ஒரு மணி நேரம் ஊர்ந்த நாளின் புள்ளி மட்டும் தனியாகக் கீழே கிடந்தது. அதை நீக்கலாமா கூடாதா என்று வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் வாக்குவாதம். சராசரி, வீச்சு, விலகிய மதிப்பு என்று புள்ளியியலில் நான் நடத்த நினைத்ததையெல்லாம் அவர்களே பேசி முடித்தார்கள். பெரும்பான்மை, நீக்கக்கூடாது என்றது. "லாரி அடுத்த வாரமும் மறிக்கும்ல சார்" என்பது அவர்கள் வாதம்.

அவருடைய அப்பா இப்போது நாள்தோறும் சாதாரணம்தான் ஊற்றுகிறார். சித்திரை வைகாசியில், ஆள் நிறைய ஏறும் நாள்களில் மட்டும் உயர்ரகம். "ஏத்தத்துல இழுவை தெரியுது தம்பி, நீ என்ன கணக்கு வேணாலும் போடு" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அளவீட்டில் தெரியாதது ஓட்டுபவரின் காலுக்குத் தெரியுமா, அல்லது கொடுத்த காசு அப்படி உணரச் செய்கிறதா? எந்தப் பெட்ரோல் என்று ஓட்டுபவருக்கே சொல்லாமல் நிரப்பிப் பார்க்கலாம் என்று ஒரு மாணவி யோசனை சொன்னார். மறைப்புச் சோதனை என்ற சொல்லை அன்றுதான் அந்த வகுப்புக்கு அறிமுகம் செய்தேன்.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பற்றியும் கேட்டார்கள். அவை டீசல். அங்கே கதை தலைகீழ். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தின் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும், அதுவும் தாமதமின்றி. பெட்ரோலில் எதை நோய் என்கிறோமோ, அதுதான் டீசலில் தொழில். அதனால் டீசலுக்கு ஆக்டேன் எண் பார்ப்பதில்லை, சீட்டேன் எண் பார்க்கிறார்கள். எவ்வளவு விரைவில் பற்றுகிறது என்பதன் அளவு அது. பி.எஸ்.6 டீசலுக்கு அது குறைந்தது 51 இருக்க வேண்டும். "அப்ப பெட்ரோல் பொறுமைசாலி, டீசல் அவசரக்காரன்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த தேர்வில் பலர் அதையே விடையாக எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.